மறுபடியும் அதே வாசலுக்கு

“எழுதிட்டுப் போறீகளே தாயி, எழுதுனத என்ன செய்வீக?”

கேட்டவர் ஐம்பதைக் கடந்த பெண். திண்ணையில் உட்கார்ந்து மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. எதிரே நின்றவள் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. தோளில் சமூக சுகாதாரப் பை, கையில் படிவம் செருகிய அட்டை. குடும்பத்தில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, அடுப்பு விறகா கேஸா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கக்கூஸ் இருக்கிறதா, இருந்தால் அதில்தான் போகிறீர்களா, கடைசிப் பிள்ளைக்கு அப்புறம் ஆபரேஷன் ஆயிற்றா என்று இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தாள். பெண் கேட்டு வரும் சம்பந்தி வீட்டார்கூட முதல் நாளில் இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

“போன வருசமும் உங்க காலேசுப் பிள்ளைக வந்து இதத்தான் கேட்டாக. அதுக்கு முந்துன வருசமும் கேட்டாக. எங்க வீட்ல புதுசா ஒண்ணும் ஆகல. செவருதான் இன்னுங் கொஞ்சம் இடிஞ்சிருக்கு.”

மாணவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய ஆசிரியை. மதுரைக்குத் தெற்கே கரிசல் ஊர்களில் வருடா வருடம் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, வெயிலில் அவர்கள் பின்னாலேயே நடந்தவள். என்னிடமும் பதில் இல்லை. “உங்க நல்லதுக்குத்தாம்மா” என்று சொல்லி நகர்ந்தேன். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரிந்திருந்தது. எழுதியதை என்ன செய்வோம்? பிரவுன் அட்டை போடுவோம், மதிப்பெண் போடுவோம், அலமாரியில் அடுக்குவோம். இரண்டு வருடம் கழித்து அது பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறும்.

செவிலியர் மாணவர்கள் ஊரின் உடல்நலத்துக்கு என்ன செய்யலாம் என்று மேடையில் கேட்டால் பதில்கள் தயாராக இருக்கின்றன. பதாகை பிடித்துப் பேரணி போகலாம். கைகழுவும் முறையைச் செய்துகாட்டலாம். பேருந்து நிலையத்தில் டெங்கு நாடகம் போடலாம். இவற்றில் தப்பு ஒன்றுமில்லை, நானும் நிறைய நடத்தியிருக்கிறேன். ஆனால் பேரணி முடிந்து பிள்ளைகள் பஸ் ஏறிய மறுகணம் ஊர் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். அந்தத் தீக்குச்சிக்காரம்மா கேட்டது வேறு விஷயம். ஒரு வீட்டின் வாசலில் நின்று அதன் அந்தரங்கத்தை வாங்கிக்கொண்டாயே, அதற்கு ஈடாக என்ன தருவாய் என்று கேட்டார். கேட்டு எழுதிக்கொண்டவள் கடன்பட்டவள். இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்குப் பிடிபட்டது அவ்வளவுதான். அந்தக் கடனை அடைக்க முதலில் செய்ய வேண்டியது, மறுபடியும் அதே வாசலுக்குப் போவது.

செவிலி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்க அகப்பாடல்களில் செவிலித்தாய், தான் வளர்த்த மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் போவாள். அங்கே குடித்தனம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்ப்பாள். திரும்பி வந்து பெற்ற தாயிடம் சொல்வாள். அடுப்படிப் புகைவரை அவள் கண்ணில் படும். படிவம் எதையும் அவள் நிரப்பியதாகத் தெரியவில்லை. வீடு தேடிப் போவதும், பார்ப்பதும், பார்த்ததை உரியவரிடம் சேர்ப்பதும் இந்தப் பெயரோடு கூடப் பிறந்த வேலைகள். நாம் பெயரை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள ஒன்றை மட்டும், அதையும் அரைகுறையாக, செய்துகொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், ஒரு வருடம் குடும்ப நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வரிசையாக எல்லாருக்கும் ரத்த அழுத்தம் 120/80. எழுபது வயதுப் பாட்டிக்கும் அதே, அவர் பேத்திக்கும் அதே. ஊரே ஒரே ரத்தக்குழாயில் ஓடியது போல. பாதிப் பிள்ளைகள் முந்தைய வருட நோட்டைப் பார்த்து எழுதியிருந்தார்கள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலைக்குள் அறுபது நோட்டு முடிய வேண்டியிருந்தது. அந்த அறுபது வீடுகளில் ஏதோ ஒரு வீட்டில் 170/100 இருந்திருக்கலாம். பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதுவது சோம்பேறித்தனத்தோடு நிற்பதில்லை. அந்தப் பாட்டி நன்றாக இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லும் பொய்யாகவும் ஆகிறது. நோயை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியவளே அதை மூடி வைத்துவிடுகிறாள்.

முதலாம் ஆண்டில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் விழாவில் நைட்டிங்கேலின் விளக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவர் எண்ணிய எண்களைப் பற்றிப் பேசுவதில்லை. கிரிமியப் போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் மிக அதிகம் என்பதை மாதவாரியாகக் கணக்கெடுத்தார். அதை 1858-இல் ஒரு வட்டப் படமாக வரைந்து அரசாங்கத்தின் கண்ணில் படும்படி வைத்தார். அவர் எழுதிய கணக்கு அலமாரிக்குப் போகவில்லை. சாக்கடையையும் பாராக்கையும் மாற்ற வைத்தது. விளக்கு இரவில் அவர் கையில் இருந்தது. பகலில் இருந்தது பேனா.

மறுபடி போவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

ஐந்தாம் மாதக் கர்ப்பிணி, இருபத்திரண்டு வயது. ரத்தசோகை. தமிழ்நாட்டில் இது புதுமையில்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். முதல் தடவை போன மாணவி சத்துணவுப் படம் ஒட்டிய சார்ட்டை விரித்து, முருங்கைக்கீரை, பேரீச்சை, கேழ்வரகு என்று வரிசையாகச் சொன்னாள். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவள் தலைக்கு மேலே, கொல்லையில், முருங்கை மரம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. “இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறீங்களாக்கா?” என்றாள் மாணவி. “ம்” என்றாள். படிவத்தில் டிக் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே மாணவியை அங்கேயே திருப்பி அனுப்பினேன். வேறு வீடு தாருங்கள் என்று அவள் கேட்டாள். எல்லாம் எழுதியாகிவிட்டதே என்றாள். போ என்றேன். இந்தத் தடவை சார்ட் இல்லை. மாமியார் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். அந்தப் பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாணவியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி ஆயத் தொடங்கினாள். அரை மணி நேரம் ஊர்க்கதை ஓடியது. அப்புறம் அவளாகவே எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வந்து போட்டாள். ஒன்றில் நான்கு மாத்திரை குறைந்திருந்தது. மற்றவை அப்படியே இருந்தன.

நான்காம் நாள் மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. பயந்துவிட்டாள். இதைத் தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை என்ற ஒற்றை வரியை, மாத்திரையைக் கொடுத்தபோது யாரும் அவளிடம் சொல்லவில்லை. நூற்றெண்பது நாள் தின்ன வேண்டிய மாத்திரை, அந்த ஒரு வரி சொல்லப்படாததால் நான்கே நாளில் சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது. குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடலாம், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, காபி டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கணும், எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் உடம்பில் நன்றாகப் பிடிக்கும் என்று மாணவி சொன்னாள். இதெல்லாம் அவளுக்கு முதல் நாளே தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறாள். எங்கே சொல்ல வேண்டும் என்பதுதான் இரண்டாம் நாள் தெரிந்தது.

முருங்கைக்கீரை விஷயம் அதைவிட ஆழமானது. அந்த வீட்டில் கீரை வாரம் இரண்டு நாள் வேகிறது. முதலில் மாமனார், அப்புறம் புருஷன், அப்புறம் கொழுந்தன், பிறகு மாமியார். சட்டி அவளிடம் வரும்போது அடியில் இரண்டு பருக்கை பருப்பும் கொஞ்சம் சாறும் இருக்கும். மீதிச் சோற்றுக்கு ரசம். அவளுக்குக் குறைந்தது அறிவா? பந்தியில் கடைசி இடம் அவளுக்கு. இதைச் சரிசெய்ய சார்ட் போதாது. மாமியார் வீட்டிலிருக்கும் நேரம் பார்த்து மூன்றாவது முறை போனாள் மாணவி. குற்றம் சொல்லவில்லை. “பாட்டி, உங்க பேரப்பிள்ளை இப்ப இவுக வயித்துல உக்காந்து சாப்பிடுது. அதுக்கு நீங்கதான் முதல்ல சோறு போடணும்” என்றாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. ராத்திரி விடுதியில் படுத்துக்கொண்டு அவளே யோசித்தது. மாமியார் சிரித்தாராம். மறுநாளே அந்த வீட்டு வழக்கம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கீரைச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி முன்கூட்டியே தனியே எடுத்து வைக்கப்பட்டது. அது எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த மாணவி சொன்னாள்: “மேடம், எங்க வீட்லயும் அம்மாதான் கடைசியா சாப்பிடுவாங்க. நான் இதுவரைக்கும் கவனிச்சதே இல்ல.”

இங்கேதான் விஷயம் ஊரை விட்டு நம் பக்கம் திரும்புகிறது. முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் பிள்ளைகள் ஒருவர் விரலை ஒருவர் குத்தி, குழாயில் ரத்தத்தைக் கரைத்து, பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒப்பிட்டு ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். 12 இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பலர் அதற்குக் கீழேதான் இருந்தார்கள். ஆறரை மணிக்கு பஸ், அதனால் காலைச் சாப்பாடு கிடையாது. மத்தியானம் விடுதி சாம்பார், சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும். ஒன்பது கிராம் ரத்தத்தோடு ஒரு பெண் ஊருக்குப் போய் ரத்தசோகையைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். அவள் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாலே போதும், கேட்பவருக்குப் பாடம் தேவைப்படாது. தான் செய்யாததை, செய்ய முயலவும் செய்யாததை, இன்னொருவருக்குச் சொல்லும்போது குரலில் ஒரு பொள்ளல் விழுந்துவிடும். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் உடனே கேட்கும்.

பங்களாதேஷில் இந்தப் பொள்ளல் பெரிய அளவில் தெரிந்தது. 1980-இலிருந்து பத்து வருடம் பிராக் என்ற அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உப்புக் கரைசல் கலக்கத் தாய்மாருக்குச் சொல்லித் தந்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள். இத்தனை வீடு போனேன் என்று ஊழியர் சொல்வதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில தாய்மாரைக் கேட்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் ஊழியருக்குச் சம்பளம். நம் கல்லூரிகளில் மதிப்பெண் இப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று நான் நினைத்துப் பார்த்து நடுங்கியதுண்டு. ஆனால் நான் மறக்காதது வேறொன்று. தொடக்கத்தில் தாய்மார் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள், ஆனாலும் பிள்ளைக்கு வயிற்றால் போனால் அந்தக் கரைசலைக் கொடுப்பவர் குறைவாக இருந்தார்கள். ஏன் என்று தேடிப் பார்த்தபோது, சொல்லித் தந்த ஊழியர்களிலேயே பலர் தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதைக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. பிறகு ஊழியர்களுக்கு அது ஏன் வேலை செய்கிறது என்று புரிய வைத்தார்கள். அவர்களே குடிக்கத் தொடங்கினார்கள். ஊர் மாறியது அதற்கப்புறம்தான்.

வீட்டு வாசலுக்குப் போகும் செவிலியை மருத்துவமனைச் செவிலிக்கு ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. ஐசியூ டியூட்டி என்றால் கண் மின்னும், கம்யூனிட்டி போஸ்டிங் என்றால் முகம் சுருங்கும். அவர்களுக்கு நான் சென்னையைத்தான் சொல்வேன். 1956-இல் சென்னையில் காசநோய்க்கான ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அதுவரை காசநோயாளி என்றால் சானடோரியம். தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல காற்று, படுக்கை, பால், முட்டை. இந்த மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் ஒரு வருட மருந்து. மறுபாதிக்கு அதே மருந்து அவரவர் வீட்டில், சென்னையின் நெருக்கடியான குடிசைகளில், அரைகுறைச் சாப்பாட்டில். வீடு தேடிப் போய் மருந்தை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிற்றா என்று உறுதி செய்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாக அது வழி திறந்தது. மாத்திரைக்குத்தான் முதல் பெருமை. ஆனால் அந்த மாத்திரை ஒரு வருடம் தவறாமல் வயிற்றுக்குள் போனதற்குக் காரணம், யாரோ ஒருவர் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டியது.

அந்தத் தட்டலில் ஒரு ஆபத்தும் உண்டு. கல்லூரி பஸ் ஒரு வீட்டு வாசலில் நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும். “அந்த வீட்ல என்ன?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால், ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகலாம், ஒரு ஆளுக்கு டீக்கடையில் தனி டம்ளர் வரலாம். அதனால் பிள்ளைகளிடம் சொல்வேன்: நோயுள்ள வீட்டுக்கு நேராகப் போகாதே. முன்னால் இரண்டு வீடு, பின்னால் இரண்டு வீடு போ. வெளியே வந்ததும் தோழியிடம்கூடத் தெருவில் நின்று பேசாதே. நோட்டில் பெயர் எழுதாதே, எண் போடு. வீட்டில் கேட்டதை வீட்டிலேயே வைக்கும் நாக்கு இல்லாதவள், ஊசி எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும் இந்த வேலைக்கு ஆக மாட்டாள்.

டம்ளர் என்றதும் இன்னொன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பஸ் எப்போதும் ஊர்த்தெருவில், வேப்பமரத்தடியில் நிற்கும். காலனிக்கு அங்கிருந்து ஓடையைத் தாண்டி நடக்க வேண்டும். வெயில், தூரம் என்று காரணம் சொல்லி முப்பது வீடும் ஊர்த்தெருவிலேயே முடிந்துவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. திட்டமிடாமலே நடப்பதுதான் இதன் பலம். ஒரு வருடம் தலைகீழாக்கினேன். பஸ்ஸை ஓடைக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னேன். அங்கே ஒரு பாட்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மாணவி பையிலிருந்து பாட்டிலைக் காட்டி “இருக்கு பாட்டி” என்றாள். பாட்டி செம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அதற்கப்புறம் எல்லாக் கேள்விக்கும் “ஆமா”, “இல்ல” என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை மனதில் சாதி இருந்ததா, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்ற பயம் மட்டும் இருந்ததா, எனக்குத் தெரியாது. பாட்டிக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. அவர் அதை எழுபது வருடமாகப் பார்த்துவருகிறார். பிறகு நான் ஒரு வழி வைத்தேன். எங்கள் முறைப்படி, பையைத் திறப்பதற்கு முன் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைத்து, அந்த வீட்டுத் தண்ணீரிலேயே கை கழுவ வேண்டும். தண்ணீரை வாங்கும்போதே, “குடிக்கவும் கொஞ்சம் கொடுங்க பாட்டி” என்று சேர்த்துக் கேட்கச் சொன்னேன். எல்லா வீட்டிலும், ஓடைக்கு இரண்டு பக்கமும்.

தண்ணீரைப் பற்றியே ஒன்று. எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறை வரும். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் வரும். எழுந்து பிடித்துத் தொட்டியிலும் டிரம்மிலும் குடத்திலும் நிரப்பி வைப்பார்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது அந்தச் சுத்தமான தண்ணீரில்தான். முட்டை கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள் என்று பாடம். கண் விழித்துப் பிடித்த தண்ணீரைக் கொட்டு என்று ஒருத்தியிடம் சொல்ல வாய் வருமா? ஒரு மாணவிக்கு வந்தது. பதிலுக்கு அந்த அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி பழைய வேட்டியை நான்காக மடித்து டிரம் வாயில் இறுக்கிக் கட்டி, அதன் வழியாகவே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். தூசிக்காகக் கட்டியது. கொசுவும் நுழைய முடியாது. மறுவாரம் பிள்ளைகள் கொண்டுபோன ஒரே செய்தி அந்தப் பாட்டியின் வேட்டிதான். டிரம் காலியாகும் நாளில், அடுத்த தண்ணீர் வருவதற்கு முன், உட்சுவரைத் தேங்காய் நாரால் ஒரு தேய்ப்பு. முட்டை ஒட்டியிருப்பது சுவரில், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டச் சொல்லும் அறிவுரை பாடத்திலிருந்து வந்தது. வேட்டி அந்தத் தெருவிலேயே இருந்தது.

மாணவிகள் நான்கு வாரம் இருப்பார்கள், போய்விடுவார்கள். ஊரில் நிலைத்திருப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். தடுப்பூசி, பிரசவக் கணக்கு, கைப்பேசியிலும் பதிவேட்டிலுமாக இரட்டை எழுத்து வேலை எல்லாம் அவர் தலையில். அவரைத் தாண்டி மாணவி ஊரில் எதையும் சாதிக்க நினைக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்து, மாற்று என்று சொல்லும் உரிமையும் அவளுக்குக் கிடையாது. கடைசி நாள் மாலை, ‘இந்த வீட்டில் மாத்திரை உள்ளே போகவில்லை, காரணம் இது’, ‘இந்தத் தாத்தா காலில் புண் இருக்கிறது, சர்க்கரை பார்க்க வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து, இரண்டு வீட்டுக்காவது அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வரச் சொல்வேன். முதல் வருடம் அந்தத் தாளை வாங்கிய நர்ஸம்மா, “இத்தன வருசத்துல காலேசுக்காரங்க எங்கிட்ட எதையாவது குடுத்துட்டுப் போனது இதுதான் மொதத் தடவ” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தத் தீக்குச்சிக்காரம்மாவுக்கு வருகிறேன். அன்று முழித்துக்கொண்டு நின்ற பெண் நான்காம் ஆண்டுக்கு வந்தபோது, அவளை அதே ஊருக்கு, அதே தெருவுக்கு அனுப்பினேன், நானும் கூடப் போனேன். இந்தத் தடவை அட்டையில் வெற்றுப் படிவம் இல்லை. அந்த வீட்டின் பழைய பக்கத்தை அலமாரியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். அக்டோபர் 2 கிராமசபைக்கு முந்தைய நாள் அது. தெருவில் கேட்டவற்றையெல்லாம் தொகுத்துச் சபையில் படிக்கப் போகிறோம், அதற்கு முன் அவரவர் சொன்னதை அவரவரிடமே படித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

“அன்னிக்குப் பேசாம நின்ன பிள்ளதான நீ?” என்றார். திண்ணையில் இடம் விட்டார். மாணவி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பக்கத்தைப் படித்தாள். வருமானத்தைப் படித்ததும் அவர் தலையை ஆட்டினார். தீக்குச்சி அடுக்கும் வேலை குறைந்துவிட்டது, பாதி எழுதிக்கொள் என்றார். தண்ணீர், அடுப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு திருத்தம். கழிப்பறை, உண்டு, பயன்படுத்துகிறார்கள் என்ற வரி வந்தபோது தீக்குச்சி அடுக்குவதை நிறுத்தினார். எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். கதவைத் திறந்தார். பீங்கான் மேல் வரை விறகு அடுக்கியிருந்தது, ஒரு மூலையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“குடிக்கத் தண்ணிக்கே ரெண்டு மணிக்கு எந்திரிக்கணும். இதுல ஊத்த எங்க போக?” என்றார். “இத்தன வருசமா எல்லாருட்டயும் போறோம்னுதான் சொன்னேன். நானும் எம்மகளும் விடியுமுன்ன ஓடைக்குத்தான் போறோம்.”

மாணவி பழைய வரியை அடித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“நாளக்கிக் கூட்டத்துல இதயும் படி. எம் பேரச் சொல்லிறாத.”